வில்லா: மாளிகையா, பண்ணையகமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ரோமானியரின் 'வில்லா'வைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் வந்த 'நாட்டுப்புற மாளிகை' எனக்கு ஒப்பவில்லை. 'வில்லா' என்றே இருக்கட்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வீட்டு விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். அந்த வில்லா வேறு.

ரோமானியரின் வில்லா பிழைத்ததே விளைச்சலால்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா என்ற ரோமானிய வேளாண்மை எழுத்தாளர் அதை மூன்றாகப் பிரிக்கிறார்: உடையவர் நகரப் பாணியில் தங்குவது, ஆட்களும் கால்நடைகளும் இருப்பது, ஒயின், எண்ணெய், தானியம் சேர்ப்பது. நம் பழைய வீடுகளில் முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்கிறோமே, அந்தக் 'கட்டு' இங்கே அச்சாகப் பொருந்துகிறது. நகர்க்கட்டு, ஆள்கட்டு, களஞ்சியக்கட்டு.

முழு வளாகத்துக்கு என்ன பெயர்? ஒரு வில்லாவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இத்தாலியின் பழைய நகரமான பொம்பெயியின் மதிலுக்கு வடக்கே சுமார் 700 மீட்டரில் சிவிதா ஜூலியானா வில்லா இருக்கிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்தது. வெண்கலமும் வெள்ளியும் இழைத்த ஊர்வலத் தேர் ஒன்று அங்கே கிடைத்த செய்தி 2021 பிப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு செய்தி: 16 சதுர மீட்டர் அறை, மேலே ஒரு சிறு சன்னல், மூன்று கட்டில்கள். அவற்றில் ஒன்றின் நீளம் 1.40 மீட்டர்தான், குழந்தையுடையதாக இருக்கலாம். மூலையில் சாடிகள். அடிமைகள் அங்கே உறங்கினார்கள்.

'மாளிகை' என்றால் தேர் மட்டுமே கண்ணில் படும். 'பண்ணை' என்றால் பண்ணையாரும் பண்ணையாளும் சேர்ந்தே வருவார்கள். (பண்ணையாளும் ரோமானிய அடிமையும் ஒன்றல்ல என்று யாரும் எழுத வேண்டாம், தெரியும்.) 'பண்ணைவீடு' வார விடுமுறைக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. ஆகவே என் பரிந்துரை: பண்ணையகம்.

-----

மறுமொழி:

பண்ணையகம் நன்று. ஆனால் நேப்பிள்ஸ் வளைகுடாவில் செல்வர்கள் கட்டிய கடலோர வில்லாக்களில் ஏது உழவு? அவற்றையும் பண்ணையகம் என்பீர்களா?

-----

மறுமொழி:

இந்தச் சண்டை பழையது ஐயா. கி.மு. 37இல் ரோமானிய அறிஞர் வர்ரோ உரையாடலாக எழுதிய வேளாண்மை நூலின் மூன்றாம் பகுதியில் பேசுபவர்களே 'எது வில்லா?' என்று மோதிக்கொள்கிறார்கள். ஓவியம் ஒன்றும் இல்லாமல் பறவை வளர்த்துக் காசு பார்க்கும் வீடும் அங்கே வில்லாவாகப் பேசப்படுகிறது. கடலோரத்தாரும் குளம் வெட்டி மீன் வளர்த்தவர்கள்தான். மீன்பண்ணை என்பது நம் சொல்தானே?