கானாவூர் கல்யாணம்: ஆறு கல்தொட்டிகளைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

ஏற்காடு மறைக்கல்வி:
பொதுக்காலம் 2-ஆம் ஞாயிறு, திருப்பலி வாசகச் சுழற்சியின் மூன்றாம் ஆண்டு நற்செய்தி யோவான் 2:1-11. கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துபோக, யூதரின் தூய்மைச் சடங்குக்கு வைத்திருந்த ஆறு கல்தொட்டிகளில் இயேசு தண்ணீர் நிரப்பச் சொல்லி, அதை ரசமாக்கிய பகுதி. ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், 45 நிமிடம். "தண்ணீரை ரசமாக்கினார், ஆகவே அவர் கடவுள்" என்பதோடு முடித்துவிட மனமில்லை. ஆரத்திக்குக் கரைப்பது மாதிரி மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக்கிக் காட்டலாமா? ஆறு என்ற எண்ணுக்கு என்ன பொருள் சொல்வது?

அஸ்தம்பட்டி வாசகர்:
ஆரத்தி வேண்டாம் டீச்சர். சுண்ணாம்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது வீட்டிலேயே தெரிந்த விஷயம். அதைச் செய்து காட்டினால், இயேசுவும் ஏதோ கலந்திருப்பார் என்றுதான் பிள்ளைகள் மனதில் பதியும். நற்செய்தியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பந்தி மேற்பார்வையாளர் குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறார். சுண்ணாம்புத் தண்ணீரை யாரும் குடிக்க முடியாது.

தொட்டியிலிருந்து தொடங்குங்கள். விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'கற்சாடி', பொது மொழிபெயர்ப்பில் 'கல்தொட்டி'. இரண்டிலும் "இரண்டு மூன்று குடம்" கொள்ளும் என்று இருப்பதால், நம் பிள்ளைகள் 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தை நினைத்துக்கொண்டு ஒரு தொட்டிக்கு 30, 45 லிட்டர் என்று கணக்குப் போடுவார்கள். கிரேக்க மூலத்தில் உள்ள அளவு 'மெத்ரேத்தேஸ்'. ஒரு மெத்ரேத்தேஸ் ஏறக்குறைய 39 லிட்டர். அப்படியானால் ஒரு தொட்டிக்கு 80 முதல் 120 லிட்டர், ஆறுக்கும் சேர்த்து 470 முதல் 700 லிட்டர். 20 லிட்டர் தண்ணீர் கேனில் சொன்னால் 24 முதல் 35 கேன். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளே போடட்டும். மெசியாவின், அதாவது வரவிருந்த மீட்பரின், காலத்தில் மலைகளிலிருந்து இனிய ரசம் வடியும் என்ற ஆமோஸ் 9:13, மலைமேல் எல்லா மக்களுக்கும் விருந்து என்ற எசாயா 25:6 இரண்டையும் அப்போது வாசித்தால், இவ்வளவு மிகுதி எதற்கு என்பது விளங்கும்.

அடுத்தது, ஏன் கல்? மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும் என்கிறது லேவியர் 11:33. கல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்பது யூத மரபு. அதனால்தான் சடங்குத் தண்ணீருக்குக் கல்தொட்டி. நாசரேத்துக்குப் பக்கத்தில் ரெய்னாவில் 2017-இல் தோண்டியபோது அப்படிப்பட்ட பாத்திரங்கள் செய்த பட்டறையே கிடைத்தது. மென்மையான சுண்ணாம்புக்கல்லைக் குடைந்தும் கடைந்தும் செய்தவை. சேலத்து மாக்கல் சட்டி வேறு கல்தான், ஆனாலும் ஒரு கல்சட்டியைக் கையில் கொடுத்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

செவ்வாய்ப்பேட்டை:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. "பழைய சட்டம் வெறும் தண்ணீர், இயேசு தந்தது ரசம்" என்று யூதர்களைத் தாழ்த்தும் விளக்கம் பல பிரசங்கங்களில் வந்துவிடுகிறது. அது தவறு. இயேசு தொட்டிகளை உடைக்கவில்லை, கவிழ்க்கவும் இல்லை. நிரப்பச் சொன்னார், விளிம்புவரை நிரப்பினார்கள். கழுவுவதற்கு இருந்தது விருந்துக்கு வந்தது என்று சொல்லுங்கள், போதும்.

ஆறு என்பது ஏழுக்கு ஒன்று குறைவு, ஆகவே நிறைவின்மை என்பது பரவலான விளக்கம். புனித அகுஸ்தினார் அதை உலகின் ஆறு காலங்கள் என்று எடுத்துக்கொண்டார். யோவான் தாமே எண்ணுக்குப் பொருள் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் "இப்படியும் வாசித்திருக்கிறார்கள்" என்ற அளவில் நிறுத்துவதே நேர்மை.

"நேரம்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். "எனது நேரம் இன்னும் வரவில்லை" என்பது 2:4. அந்த நேரம் சிலுவை. மரியா இந்த நற்செய்தியில் இரண்டே காட்சிகளில் வருகிறார், கானாவிலும் சிலுவையடியிலும். இரண்டு இடத்திலும் இயேசு அவரை ஒரே சொல்லால் அழைக்கிறார். பொது மொழிபெயர்ப்பில் அது 'அம்மா' என்று இருப்பதால் நமக்கு வித்தியாசமாகப் படுவதில்லை. மூலத்தில் 'பெண்ணே'. பழைய மொழிபெயர்ப்பின் 'ஸ்திரீயே' அதை அப்படியே வைத்திருக்கிறது. 2:4-ஐயும் 19:26-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஏற்காடு மறைக்கல்வி:
ரொம்ப நன்றி. ஆரத்தியை விட்டுவிடுகிறேன். கையால் செய்ய ஏதாவது ஒன்று இருந்தால் நல்லது. பிள்ளைகள் சும்மா உட்கார மாட்டார்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்:
தண்ணீர் சுமக்கச் சொல்லுங்கள். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ, கல்லின் எடை தனி. நிறைந்த தொட்டியைத் தூக்கிப்போக முடியாது, தண்ணீர்தான் தொட்டியைத் தேடி வரவேண்டும். அங்கே குழாய் கிடையாது. காலித் தொட்டிகள் என்றால் 15 லிட்டர் குடத்தில் குறைந்தது 32 நடை. ஒரு கல்சட்டியை முன்னால் வைத்து, பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொம்பில் கொண்டுவந்து ஊற்றட்டும். விளிம்பு தொடும்வரை நிறுத்தாதீர்கள். வழிந்தால் துடைக்கத் துணி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 2:9-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். மேற்பார்வையாளருக்கு ரசம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரிந்திருந்தது.

சட்டி புதிதானால் கல்மாவு ஒட்டியிருக்கும். இரண்டு நாள் முன்பே வடிகஞ்சி ஊற்றி ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். ஊற்றுவது குடிதண்ணீராகவே இருக்கட்டும், கடைசியில் பிள்ளைகளே மொண்டு குடிக்கலாம்.