ஐநேச்சுரலிஸ்ட்ல போட்ட ஆமை வேற ஊர்ல காட்டுது, எப்படி சரி பண்றது?

கரட்டுக்காரன்:
காட்டுப் பக்கம் ஒரு நட்சத்திர ஆமை பாத்தேன், போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்ல (பாத்த செடி, ஜீவன்களைப் பதிவு பண்ற ஆப்) ஏத்திட்டேன். என் போன்ல இடம் கரெக்டா காட்டுது, ஆனா தம்பி அவன் அக்கவுண்ட்ல பாத்தா மேப்ல இடக்குறி எங்கேயோ ஒரு கண்மாய் நடுவுல கெடக்கு, தேதியும் இல்ல, வெறும் மாசம் வருஷம்தான். ரெண்டு வாட்டி அழிச்சுட்டு திரும்ப போட்டும் அதே கதை. ஆப்ல பிரச்சனையா இல்ல என் போன் ஜிபிஎஸ்ஸா? இன்னொன்னு, வாட்ஸப்ல நண்பர் அனுப்புன பட்டாம்பூச்சி படத்தை அவரு சொல்லி நான் போட்டேன், அது கேசுவல்னே (ஆராய்ச்சித் தரத்துக்குப் போகாத சாதாரணப் பதிவு) நிக்குது.

பனங்காடை:
எதுவும் கெடல ப்ரோ. ஆமையைப் புடிச்சு விக்கிறவங்க கண்ணுல பட்டுறக் கூடாதுன்னு இந்த மாதிரி ஜீவன்களுக்கு அதுவே இடத்தை மறைச்சுரும். 0.2 டிகிரி கட்டம் ஒண்ணு, அதாவது நம்ம பக்கம் சுமாரா 22 கிலோமீட்டர் சதுரம், அதுக்குள்ள எங்கயாச்சும் ஒரு புள்ளியைப் போட்டு மத்தவங்களுக்குக் காட்டும். உங்களுக்கு மட்டும் நெஜ இடம் தெரியும். கடத்தல் அந்த அளவுக்கு இருக்கறதாலதான் 2019லயே சைட்டிஸ்ங்கற சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தோட ரொம்பக் கண்டிப்பான முதல் பட்டியல்ல ஏத்துனாங்க. முக்கியமா ஒண்ணு, உங்க பதிவுல குறிப்புக்குக் கீழ "நம்ம ஊர் அய்யனார் கோயில் பின்னாடி"ன்னு ஊர் பேரோட எழுதிருக்கீங்க பாருங்க, அதை மொதல்ல எடுங்க, ஆப் என்னதான் மறைச்சாலும் நீங்களே வழி சொல்லிட்டா என்ன பண்றது. படத்துல போர்டு, மைல்கல் தெரிஞ்சா வெட்டிட்டுப் போடுங்க.

தும்பி அக்கா:
பட்டாம்பூச்சி மேட்டர் வேற தம்பி. வாட்ஸப்ல வந்தா படத்துக்குள்ள இருக்கற தேதி, இடம் எல்லாம் போயிரும், அது ரெண்டும் இல்லாம கேசுவல் தாண்டாது. உங்க நண்பர்கிட்ட எப்ப எங்க எடுத்தாருன்னு கேட்டு எடிட்ல போடுங்க, இல்ல அவரையே அக்கவுண்ட் தொறந்து போடச் சொல்லுங்க, பாத்தது அவருதானே, அதான் மொறை. இனிமே டாக்குமெண்டா அனுப்பச் சொன்னீங்கன்னா விவரம் அழியாது.

கரட்டுக்காரன்:
குறிப்பை எடுத்துட்டேன் நன்றி. அவரே ஏத்திட்டாரு, இப்ப நீட்ஸ் ஐடின்னு (மத்தவங்க என்ன இனம்னு உறுதி பண்ணணும்) வந்துருச்சு. ஆனா எங்க வீட்டு செம்பருத்திக்கு தேதி இடம் எல்லாம் இருந்தும் கேசுவல்னு காட்டுதே?

தும்பி அக்கா:
அது நீங்க நட்டு வளத்தது தானே, தானா மொளைச்சதுக்குத்தான் ரிசர்ச் கிரேடு (ஆராய்ச்சிக்கு எடுத்துக்கற தரம்). அந்தப் பூவுல உக்காந்த எறும்பைப் போடுங்க, அது செல்லும் 😄