கேட்டு ஸ்வரம் சொல்ல வரலை, உதவுங்களேன்

வணக்கம். 42 வயசுல கர்நாடக சங்கீதம் கத்துக்கறேன், இப்போ அலங்காரம்ங்கற ஸ்வரப் பயிற்சியில இருக்கேன். பாடறது பரவாயில்லை, கேட்டுச் சொல்றதுதான் தகராறு. ஸ-ப (ஸட்ஜம், பஞ்சமம்) ஜோடி உடனே பிடிபடுது. ஆதார ஸ்வரத்தை விடாம ஒலிக்கற சுருதிப் பெட்டி ஓடினா ஸ-ம1 (சுத்த மத்யமம்) கூட சரியா சொல்லிடறேன். பெட்டியை நிறுத்திட்டு பையன் கீபோர்டுல ரெண்டு கட்டையைத் தட்டினா, அது ஸ-ம1-ஆ, ப-மேல்ஸ-வா தெரியலை. ரெண்டு ஜோடியிலயும் ஸ்வரங்கள் 5 அரைச்சுரம் (கீபோர்டுல அடுத்தடுத்த கட்டை இடைவெளி) தள்ளித்தானே இருக்கு, அப்போ குழம்பறது நியாயம்தானா? இன்னொண்ணு, ஆரம்பப் பாட ராகமான மாயாமாளவகௌளையிலேயே ஊறிட்டதால அதுல வர்ற ரி1 (கீழ் ரிஷபம்) தவிர வேற ரிஷபம் காதுல ஏறமாட்டேங்குது. அதைவிட அரைச்சுரம் மேல இருக்கற ரி2 வாசிச்சா காந்தாரம்னு சொல்லி பையன்கிட்ட மாட்டிக்கறேன்!

ஸ்வரம் கண்டுபிடிக்கப் பழக்கற ஆப் ரெண்டு போட்டுப் பார்த்தேன், அதுல ஊகிக்கத்தான் பழகினேன். தினம் 15 நிமிஷம்தான் கிடைக்கும். சங்கராபரணம், கல்யாணி ராகம் ரெண்டுக்கும் மத்யமம் மட்டும்தானே வேற, அதை மாத்தி மாத்திக் கேட்டா பிடிபடுமா? நீங்க எதுலேருந்து ஆரம்பிச்சீங்க?