பீட்டாவிலிருந்து நிலையான பதிப்புக்கு: ஏடிபி சைட்லோடு 47 சதவீதத்தில் நிற்கிறது

வரிநிரல்:

வணக்கம். செயலிகளைச் சோதிக்க வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனில் பீட்டா பில்ட் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) இருக்கிறது. பூட்லோடரை (ஃபோன் தொடங்கும்போது சிஸ்டத்தை ஏற்றும் நிரல்) திறக்கவில்லை, ரூட்டும் (முழு நிர்வாக அனுமதி) இல்லை. நிலையான பதிப்பு வெளியான பிறகும் 'சிஸ்டம் அப்டேட்' பக்கத்தில் எதுவும் வரவில்லை. அதனால் முழு ஓடிஏ (சிஸ்டம் அப்டேட் பேக்கேஜ்) ஜிப்பை இறக்கி, ஃபோனின் பழுதுநீக்கும் திரையான ரெக்கவரியில் 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி' கொடுத்து சைட்லோடு செய்தேன், அதாவது ஏடிபி (கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக ஜிப்பை அனுப்பி நிறுவ முயன்றேன். கணினியில் 47 சதவீதம் வரை ஒழுங்காக ஏறுகிறது. அங்கேயே நின்று 'ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்' என்று முடிந்துவிடுகிறது. ரீபூட் செய்தால் அதே பீட்டா. கேபிளை மாற்றியும் அதே 47.

ஏன் சரியாக அந்த இடத்திலேயே நிற்கிறது? டேட்டா அழியாமல் நிலையான பதிப்புக்குப் போக வழி உண்டா? பூட்லோடரைத் திறந்து ஃபேக்டரி இமேஜை (தயாரிப்பாளர் தரும் முழு சிஸ்டம் நகல்) ஃபிளாஷ் செய்வது, அதாவது நேரடியாக எழுதுவது, இதைவிட நல்லதா? ஃபோனுக்குள் என் செயலியின் சோதனைத் தரவுகள் நிறைய இருக்கின்றன, அவை போய்விடக் கூடாது.

மூலக்குறி:

கணினியில் தெரியும் சதவீதத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஏடிபி அந்த எண்ணைக் கணக்கிடும் விதமே வேறு. ரெக்கவரி ஜிப்பை இரண்டு முறை படிக்கும்: தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க ஒருமுறை, நிறுவ ஒருமுறை. இடையில் ஜிப்பின் அட்டவணையைப் பார்க்கக் கொஞ்சம் கூடுதலாக. அதனால் ஃபைலின் அளவைப்போல் ஏறத்தாழ 2.13 மடங்கு அனுப்பினால்தான் 100 என்று ஏடிபிக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1-ஐ 2.13-ஆல் வகுத்தால் 0.47. ஆக, 47 என்றால் ஃபைல் முழுவதும் ஒருமுறை போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். ஃபோனில் வெற்றிகரமாக நிறுவி முடிந்த பிறகும் கணினியில் 47-லேயே நின்று, நீங்கள் சொன்ன அதே 'ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்' வரி வருவதுண்டு. கையெழுத்து சரியாக இருந்து, அடுத்த சோதனையில் பேக்கேஜ் நிராகரிக்கப்பட்டாலும் அதே 47-தான்.

தீர்ப்பு ஃபோன் திரையில் இருக்கிறது. 'இன்ஸ்டால் கம்ப்ளீட்டட் வித் ஸ்டேட்டஸ் 0' என்றால் முடிந்தது, ரீபூட் செய்யலாம். வேறு எண்ணோ 'இன்ஸ்டாலேஷன் அபார்ட்டட்' என்றோ இருந்தால் அதற்கு இரண்டு மூன்று வரி மேலே காரணம் எழுதியிருக்கும். வரி ஓடிப் போயிருந்தால் ரெக்கவரி மெனுவில் 'வியூ ரெக்கவரி லாக்ஸ்' திறந்து பாருங்கள். காரணம் தேடும்போது 'ஏடிபி ரீபூட் சைட்லோடு-ஆட்டோ-ரீபூட்' பயன்படுத்த வேண்டாம். வேலை முடிந்ததும் ஃபோன் தானாக ரீபூட் ஆகிவிடும், அந்த வரி கண்ணில் படாது.

என் ஊகம்: பீட்டா பில்டின் தேதி நீங்கள் இறக்கிய நிலையான பில்டின் தேதியைவிடப் புதியது. உறுதி செய்வது எளிது. ஓடிஏ ஜிப்பைத் திறந்தால் 'மெட்டா-இன்ஃப்' ஃபோல்டருக்குள் 'காம்', அதற்குள் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மெட்டாடேட்டா' என்று ஒரு சிறிய டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். அதில் 'போஸ்ட்-டைம்ஸ்டாம்ப்' என்ற வரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோனை வழக்கம்போல் ஆன் செய்து 'ஏடிபி ஷெல் கெட்ப்ராப் ஆர்ஓ.பில்ட்.டேட்.யூடிசி' கொடுங்கள். இரண்டுமே 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் விநாடிகள். ஃபோனின் எண் பெரியதாக இருந்தால் சைட்லோடு நடக்காது. இன்னொரு நன்மை, அதே ஃபைலில் 'ப்ரீ-டிவைஸ்' வரியில் மாடலின் குறிப்பெயர் இருக்கும். தவறான மாடலின் ஜிப்பை இறக்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஜிபி கணக்கில் அனுப்பிவிட்டு ஏமாறுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது மிக நல்ல பழக்கம்.

கம்பிவடம்:

மூலக்குறி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்கிறது என்பதே பாதி விடை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் அறுந்தால் கேபிள், யூஎஸ்பி ஹப் அல்லது கணினியின் முன்பக்க போர்ட்டைச் சந்தேகிக்கலாம். 0-ஐத் தாண்டவே இல்லை, 'ஏடிபி டிவைசஸ்' பட்டியலும் காலி என்றால் டிரைவர். விண்டோஸில் ஃபோன் வழக்கமாக ஆன் ஆகியிருக்கும்போது டிரைவர் சரியாக இருந்தாலும், ரெக்கவரிக்குப் போனதும் அதை வேறு சாதனமாக நினைத்துக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்கும் அந்தச் சாதனத்துக்கு 'ஆண்ட்ராய்டு ஏடிபி இன்டர்ஃபேஸ்' டிரைவரைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸில் 'நோ பர்மிஷன்ஸ்' என்று வந்தால் யூடெவ் விதிகள் (யூஎஸ்பி சாதனத்துக்கு அனுமதி தரும் அமைப்பு) இல்லை என்று அர்த்தம். சரியாக இணைந்திருந்தால் பட்டியலில் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் 'சைட்லோடு' என்றே இருக்கும், 'டிவைஸ்' என்று அல்ல.

கையெழுத்துச் சோதனையில் தோற்றால் 'சிக்னேச்சர் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு', பெரும்பாலும் பிழை எண் 21. அப்போது ஜிப்பின் ஷா-256 மதிப்பை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) தளத்தில் தந்திருப்பதோடு ஒப்பிடுங்கள். பாதியில் நின்ற டவுன்லோட், அல்லது யாரோ பிரித்துத் திரும்பச் சுருக்கிய ஜிப், இரண்டும் இங்கேதான் மாட்டும்.

உங்களுக்கு எப்போதும் 47 என்பதால் கேபிளை விட்டுவிடலாம்.

வரிநிரல்:

மிக்க நன்றி. திரையில் இருந்த வரி இதுதான்: 'அப்டேட் பேக்கேஜ் இஸ் ஓல்டர் தேன் த கரன்ட் பில்ட்', கடைசியில் 'டவுன்கிரேட் நாட் அலவ்டு'. மெட்டாடேட்டாவையும் பார்த்தேன், ஜிப்பின் எண் ஃபோனின் எண்ணைவிடச் சிறியது. ஆனால் இரண்டும் ஒரே ஆண்ட்ராய்டு பதிப்பு எண்தானே? அப்படியிருந்தும் ஏன் பின்னோக்கிப் போவதாக எடுத்துக்கொள்கிறது?

மூலக்குறி:

பதிப்பு எண்ணை அது ஒப்பிடுவதில்லை, பில்ட் உருவான நேரத்தை ஒப்பிடுகிறது. நிலையான பதிப்பு வெளியாகும் நாளில் பீட்டா திட்டம் பெரும்பாலும் அடுத்த காலாண்டு வெளியீட்டுக்கான பில்டுக்குப் போயிருக்கும். பெயரில் 'பீட்டா' என்று இருந்தாலும் காலத்தில் அதுதான் முன்னே நிற்கிறது.

இந்தத் தடை வீண் கெடுபிடி அல்ல. குறியாக்கச் சாவிகள் எல்லாம் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதியான கீமாஸ்டரில், பிறகு வந்த கீமின்ட்டில், ஆண்ட்ராய்டு பதிப்போடும் பாதுகாப்பு பேட்ச் நிலையோடும் சேர்த்துப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பேட்ச் நிலை ஏறும்போது சாவிகளும் உடன் ஏறும். அதைவிடப் பழைய பேட்ச் நிலையுள்ள சிஸ்டம் வந்து கேட்டால் சாவி கிடைக்காது, டேட்டா பார்ட்டிஷன் (சேமிப்பகத்தில் உங்கள் தரவு இருக்கும் பகுதி) திறக்காது. அது ஒருபுறமிருக்க, சிஸ்டம் செயலிகளின் டேட்டாபேஸ் வடிவமும் முன்னோக்கி மட்டுமே மாற்றப்படும். புதிய வடிவத்தைப் பழைய நிரலுக்குப் படிக்கத் தெரியாது. தடையை எப்படியோ தாண்டி டேட்டாவை வைத்துக்கொண்டே இறங்கினால் கிடைப்பது பூட் ஆகாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபோன்.

ஆக, டேட்டா அழியாமல் போக ஒரே வழி காத்திருப்பது. உங்கள் பீட்டாவைவிடப் புதிய தேதியுள்ள நிலையான பில்ட் வெளியாகும்போது இதே சைட்லோடு தடையில்லாமல் போகும். அதுவரை கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பீட்டா திட்டத்திலிருந்து விலகினால், நிலையான பதிப்புக்கு இறக்கும் ஒரு ஓடிஏ ஃபோனுக்கு வரும். அது டேட்டாவை முழுக்க அழித்துவிடும். விலகியே ஆக வேண்டும் என்றால் விலகிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த அப்டேட்டைத் தொடாதீர்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' என்பதையும் அணைத்து வையுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் ரீபூட் செய்யும்போது காத்திருக்கும் அப்டேட் தானாகவே ஏறும்.

இருதடம்:

பூட்லோடரைத் திறப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். திறக்கும் அந்த நொடியிலேயே டேட்டா அழிக்கப்படும். ஆகவே டேட்டாவைக் காப்பாற்ற அது வழியே அல்ல. ஃபேக்டரி இமேஜோடு வரும் 'ஃபிளாஷ்-ஆல்' ஸ்கிரிப்டிலிருந்து '-டபிள்யூ' என்ற கொடியை நீக்கினால் டேட்டா பிழைக்கும் என்று பலர் சொல்வார்கள். முன்னோக்கிப் போகும்போது அது உண்மை. பின்னோக்கி இறங்கும்போது மூலக்குறி சொன்ன சாவிப் பிணைப்பில் போய் முட்டும்.

அழிந்தாலும் பரவாயில்லை, இன்றே நிலையான பதிப்பு வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் திறங்கள். அப்போது பிரவுசரில் ஓடும் ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் டூல் போதும், கையால் ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து பூட்லோடரோடு பேசும் கருவி) கட்டளைகள் தட்டத் தேவையில்லை. திரும்பப் பூட்டுவதற்கு முன், இரண்டு விஷயம் உறுதியாக இருக்க வேண்டும்: எல்லாப் பார்ட்டிஷனும் தயாரிப்பாளரின் மாற்றப்படாத இமேஜ், ஃபோன் ஒருமுறை முழுதாக பூட் ஆகி முகப்புத்திரை வரை வந்திருக்கிறது. மாற்றிய பூட் இமேஜோடு பூட்டிவிட்டால் தொடங்கும்போது சிஸ்டத்தைச் சரிபார்க்கும் வெரிஃபைடு பூட் அதை ஏற்காது. 'ஓஈஎம் அன்லாக்கிங்' சுவிட்சும் அணைந்திருந்தால் மீண்டும் திறக்கவும் முடியாமல் போகும்.

ஸ்லாட்டுகள் பற்றி இங்கே அடிக்கடி தவறான அறிவுரை வருவதால் சேர்த்துச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு 7-இல் வந்த ஏ/பி முறையில் சிஸ்டத்தின் பார்ட்டிஷன்களுக்கு இரண்டு பிரதி இருந்தது, ஒவ்வொரு பிரதியும் ஒரு ஸ்லாட். 'புதியது சரியில்லை என்றால் ஃபாஸ்ட்பூட்டில் ஸ்லாட்டை மாற்று' என்ற யோசனை அந்தக் காலத்துக்குப் பொருந்தும். ஆண்ட்ராய்டு 11-இல் வந்த விர்ச்சுவல் ஏ/பி-யில் சிஸ்டம், வெண்டர் போன்ற பெரிய பார்ட்டிஷன்களுக்கு இரண்டாவது பிரதி கிடையாது. மாற்றங்கள் மட்டும் ஸ்னாப்ஷாட்டாக ஒதுக்கி வைக்கப்படும். புதிய பில்ட் ஒருமுறை வெற்றிகரமாக பூட் ஆனதும் பின்னணியில் அவை மூலத்தோடு கலக்கப்படும். கலக்கத் தொடங்கிய பிறகு பழைய சிஸ்டம் என்று ஒன்று இல்லை. அப்போது ஸ்லாட்டை மாற்றினால் பூட் பழையது, சிஸ்டம் புதியது என்ற பொருந்தாத கலவைதான் மிஞ்சும். கலப்பு முடியும்வரை அடுத்த அப்டேட்டும் காத்திருக்கும்.

பூட்லோடர் போன்ற சிறியவற்றுக்கு மட்டும் இப்போதும் இரண்டு பிரதி உண்டு, அதில் இன்னொரு ஆபத்து. 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13, பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றிலும் ஆன்டி-ரோல்பேக் எண்ணை (பழைய பூட்லோடரை ஓடவிடாமல் தடுக்கும் எண்) உயர்த்தியது. அப்டேட் ஆன ஸ்லாட்டில் புதிய பூட்லோடர், மற்றதில் பழையது. பிறகு எப்போதாவது பூட் தோற்று ஃபோன் அந்தப் பழைய ஸ்லாட்டுக்குத் தாவினால் எழுந்திருக்காது. அதனால் முதல் பூட் முடிந்தபின் அதே முழு ஓடிஏவை இன்னொரு முறை சைட்லோடு செய்து மற்ற ஸ்லாட்டையும் நிரப்பச் சொன்னார்கள். தேதி சமமாக இருப்பதால் அந்த இரண்டாவது முறை தடைபடாது. ஆன்டி-ரோல்பேக் குறிப்பு உள்ள எந்த வெளியீட்டிலும் இதைச் செய்துவிடுங்கள்.

கம்பிவடம்:

காத்திருப்பதானாலும் சோதனைத் தரவை இன்றே வெளியே எடுத்து வையுங்கள். 'ஏடிபி பேக்கப்' கட்டளையை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு 12 முதல், அந்தப் பதிப்பையோ அதற்கு மேலோ குறிவைத்துக் கட்டிய செயலிகளின் தரவை அது எடுப்பதில்லை. டீபக் செய்யக்கூடிய பில்டுகளுக்கு மட்டும் விலக்கு.

டீபக் பில்டுக்கு, செயலியின் உரிமையோடு கட்டளை ஓட்டும் 'ரன்-ஆஸ்' தான் நம்பகமானது. முதலில் 'ஏடிபி ஷெல் ஏஎம் ஃபோர்ஸ்-ஸ்டாப்' கொடுத்து செயலியை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் எஸ்க்யூலைட்டின் டபிள்யூஏஎல் ஃபைலும் (இன்னும் டேட்டாபேஸில் சேராத மாற்றங்களின் பதிவு) டேட்டாபேஸும் வேறு வேறு நேரத்தில் பிடிபட்டு முரண்படும். அடுத்து 'ஏடிபி எக்ஸெக்-அவுட் ரன்-ஆஸ்', பேக்கேஜ் பெயர், 'டார் சி', பிறகு டேட்டாபேஸஸ், ஷேர்டு_ப்ரெஃப்ஸ், ஃபைல்ஸ் என்ற மூன்று ஃபோல்டர்கள். வெளியீட்டை ஒரு டார் ஃபைலுக்கு (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய ஃபைல்) திருப்புங்கள். 'ஷெல்' அல்ல, 'எக்ஸெக்-அவுட்' என்பது முக்கியம். 'ஷெல்' வரி முடிவுகளை மாற்றி பைனரியைக் கெடுத்துவிடக்கூடும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இலும் அந்த '>' குறி எல்லாவற்றையும் யூடிஎஃப்-16 ஆக மாற்றி டாரைப் பாழாக்கும். பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் செய்யுங்கள். எடுத்ததும் டாரைக் கணினியிலேயே திறந்து டேட்டாபேஸ் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

திரும்ப வைக்க, டாரை 'டேட்டா/லோக்கல்/டிஎம்பி' ஃபோல்டருக்கு புஷ் செய்து 'ரன்-ஆஸ்' வழியாகவே பிரிக்க வேண்டும். அப்போதுதான் ஃபைல்களின் உரிமை செயலியின் பெயரில் இருக்கும். ஒன்று மட்டும் எந்த வழியிலும் திரும்பாது: ஆண்ட்ராய்டு கீஸ்டோரில் (ஃபோனின் சாவிப் பெட்டகம்) உள்ள சாவிகள். செயலியின் அமைப்புகளை அந்தச் சாவிகளால் குறியாக்கிச் சேமிக்கும் என்கிரிப்டட் ஷேர்டு ப்ரெஃபரன்ஸஸ் பயன்படுத்தியிருந்தால் ஃபைல் வந்துசேரும், உள்ளடக்கம் திறக்காது. அந்த மதிப்புகளைச் செயலிக்குள்ளிருந்தே தனியாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

வரிநிரல்:

டாரை எடுத்துவிட்டேன், டேட்டாபேஸ் திறக்கிறது. காத்திருக்கத்தான் போகிறேன். அடுத்த பில்ட் அமைப்புகள் வழியாகவே வந்தால் எவ்வளவு இடம் காலியாக வைத்திருக்க வேண்டும்? ஏறிய பிறகு எதைப் பார்த்து உறுதி செய்வது?

இருதடம்:

இவ்வளவு என்று ஒரே எண் சொல்ல முடியாது, பேக்கேஜுக்குப் பேக்கேஜ் மாறும். ஸ்னாப்ஷாட்டுக்கு, சிஸ்டம், வெண்டர் போன்றவை அடங்கிய சூப்பர் பார்ட்டிஷனில் இடம் போதவில்லை என்றால் மீதியை டேட்டா பார்ட்டிஷனிலிருந்து எடுத்துக்கொள்ளும், அதனால்தான் காலியிடம் கேட்கிறது. அமைப்புகளில் 'நிறுவ முடியவில்லை' என்று மட்டும் வந்தால் 'ஏடிபி லாக்கேட் -எஸ் அப்டேட்_எஞ்ஜின்' ஓடவிட்டு மீண்டும் முயலுங்கள். பிழை எண் 60 என்றால் இடப் பற்றாக்குறை. 51 என்றால் இப்போது பார்த்த அதே தேதிச் சிக்கல்.

ஏறிய பிறகு 'கெட்ப்ராப்' கொண்டு 'ஆர்ஓ.பில்ட்.ஃபிங்கர்பிரின்ட்', 'ஆர்ஓ.பில்ட்.வெர்ஷன்.செக்யூரிட்டி_பேட்ச்', 'ஆர்ஓ.பூட்.ஸ்லாட்_சஃபிக்ஸ்' மூன்றையும் எடுத்து, அப்டேட்டுக்கு முன் குறித்து வைத்ததோடு ஒப்பிடுங்கள். ஃபிங்கர்பிரின்ட் மாறவில்லை, ஸ்லாட்டும் அதே எழுத்து என்றால் புதிய பில்ட் பூட் ஆகாமல் பழையதற்கே திரும்பியிருக்கிறது. கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்டின் தேதியை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆண்ட்ராய்டு 10 முதல் தனி வழியில் வரும் மாட்யூல்களின் தேதி, ஓடிஏவோடு சேர்ந்து நகர வேண்டியதில்லை.