மெர்டேக்கா (மலாயா சுதந்திரம்) காலத்துக் கார்: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள்?

செந்தூல் பேத்தி
என் தாத்தா கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1957-க்குப் பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பியபோது, அப்படிப் போன ஒருவரிடம் மோரிஸ் மைனர் வாங்கினார். பாதி சீட்டெடுத்த பணம், மீதி பாட்டியின் அட்டியல். வாங்கிய கதையை எல்லா வீட்டிலும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதற்குப் பிந்தைய கணக்குதான் முக்கியம்.

வாரத்தில் ஒருநாள் எடுத்தாலும் ரோட் டெக்ஸ் (சாலை வரி) முழுசாகக் கட்டணும். அப்போதைய 1958 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. உதிரிச் சாமான் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரணும். நம் நாட்டில் கார் பூட்டும் ஆலை, ஷா ஆலாமில் வால்வோ கார்களைப் பொருத்தும் ஆலை, வந்ததே 1967-ல்தான். மோரிஸ் மைனரின் முன்சக்கர மூட்டுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்கணும். விட்டால் ஒருநாள் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். தாத்தாவே ஃபிட்டர் என்பதால் பிழைத்தோம். இஞ்சின் தலையைக் கழற்றி, கரியைச் சுரண்டி, வால்வு தேய்த்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் மூடிவிடுவார். அதையே வெளியில் கொடுத்திருந்தால் சம்பளம் தாங்காது. யானையைக் கட்டித் தீனி போடுகிறார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள்.

பேசியவர்களும் அதில்தான் ஏறினார்கள்! பிரசவ வலி, கல்யாணம், தைப்பூசத்துக்கு பத்துமலை, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கார். காசு கையில் வாங்கினால் அது பைரேட் டாக்சி, அதாவது உரிமம் இல்லாத வாடகைக் கார். பிடிபட்டால் வழக்கு, விபத்தென்றால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும். அதனால் தாத்தா ஒரு காசும் வாங்கமாட்டார். கூட்டிப்போனவர்கள் பெட்ரோல் போட்டுத் திருப்பித் தருவார்கள், ஒருவர் டயர் டியூப் வாங்கி வந்து வைப்பார். அந்தக் குடியிருப்பே சேர்ந்துதான் அந்தக் காரை ஓட்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறைக்காரன்
அக்கா, பினாங்கில் இன்னொரு செலவும் உண்டு: ஃபெரி. பாலம் 1985-ல்தான் திறந்தார்கள். அதற்கு முன் கார் கடல் தாண்டணும் என்றால் அதற்குத் தனிக் கட்டணம், அதோடு நீண்ட வரிசை. எங்கள் பெரியப்பா பட்டர்வொர்த் போகும்போது காரை தீவின் ஃபெரித் துறையான வெல்ட் கீ பக்கம் விட்டுவிட்டு ஆளாக மட்டும் ஏறுவார். மழையில் குழந்தைகளையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், கார் கரையில் நிற்கும்.

பெரியப்பாவை உண்மையில் உடைத்தது 1967. பழைய ஆஸ்டினைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்க ரொக்கமாகச் சேர்த்து வைத்திருந்தார். ஜூனில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் புது நோட்டு வந்தது, பழையதும் கூடவே செல்லும் என்றார்கள். நவம்பரில் பவுண்டு மதிப்பு இறங்கியதும் பவுண்டோடு பிணைந்திருந்த பழைய ஒரு வெள்ளி (டாலர்) 85 காசாகிவிட்டது. பேங்கில் போடாமல் வீட்டில் வைத்திருந்த சாதாரண சனங்களுக்குத்தான் அடி. பினாங்கில் ஹர்த்தால், கலவரம், ஊரடங்கு, உயிரிழப்பு. பெரியப்பா அதன்பிறகு கார் எடுக்கவில்லை, சைக்கிளுக்கே திரும்பினார். அந்தப் பணத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

காஜாங் தோட்டத்துப் பிள்ளை
எங்கள் தோட்டத்தில் மானேஜருக்கு அடுத்து கார் வைத்திருந்தது தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் ஐயா ஒருவர்தான். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த சனத்துக்குக் கார் என்றால் ஆஸ்பத்திரி. ரப்பர் பால் வெட்டுக் கூலியில் ஒரு டயர்கூட வாங்க முடியாது. மற்ற நாளெல்லாம் லாரி, பஸ், இல்லையென்றால் நடைதான்.

செந்தூல் பேத்தி
தம்பி, பழைய நோட்டுக் கதையை எங்கள் பாட்டியும் சொல்லியிருக்கிறார். தவணையில் எடுத்தவர்கள் பாடு இன்னும் மோசம். எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஹில்மன் ஒன்றைத் தவணையில் எடுத்து, முக்கால்வாசி கட்டியிருந்தார். உடம்புக்கு முடியாமல் சம்பளம் நின்ற சமயம், கடைக்காரர்கள் வந்து ஓட்டிப் போய்விட்டார்கள். கட்டிய பணத்தில் ஒரு வெள்ளிகூடத் திரும்பவில்லை. காரை எடுப்பதற்கு முன் எழுத்தில் அறிவிக்கணும் என்ற பாதுகாப்பெல்லாம் 1967 வாடகைக் கொள்முதல் சட்டத்தோடுதான் வந்தது. அதற்கு முந்தைய தவணை ஒப்பந்தத் தாள் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருக்கிறதா? இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே சொல்லுங்கள். தெரிந்துகொள்ள மிகவும் ஆசைப்படுகிறேன்.