புதுப்பிப்பு: வே புரோட்டீனும் வயிற்று உப்புசமும்

ஜிம் முடிந்து வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) கலக்கிக் குடித்த அரை மணியில் வயிறு உப்பிக் கல் மாதிரி ஆகிறது என்று மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன். பாலைச் சந்தேகிக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்: கான்சன்ட்ரேட் என்ற வகை. அதில் பால் சர்க்கரையான லாக்டோஸ் கொஞ்சம் மிச்சமிருக்கும்; அது சரியாகச் செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பும். நான் அதைப் பாலிலேயே கலக்கிக் குடித்திருக்கிறேன். லாக்டோஸ் மிகக் குறைவான ஐசோலேட் என்ற வகைக்கு மாறி, தண்ணீரில் கலக்கினேன். நான்காம் நாளே உப்புசம் இல்லை.

தயிர், மோர் ஒத்துக்கொள்கிறது. உறைமோரில் உள்ள பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைச் செரித்துவிடுகிறது. மதியம் இஞ்சி தட்டிப் போட்டு, பெருங்காயம் ஒரு சிட்டிகை தூவிய நீர்மோர் குடிக்கிறேன். அந்த வாசனைக்கே பசி எடுக்கிறது.

சுண்டலையும் விடவில்லை. கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, நுரைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கிறேன். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் கொஞ்சம் அதோடு போய்விடும்.

அப்புறம், ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்த மறுநாள் தொடை வலி இன்னும் இருக்கிறது. அதற்கு இரண்டு முட்டையைவிட எட்டு மணி நேரத் தூக்கம்தான் எனக்கு அதிகம் உதவுகிறது.