--டெலீட் போட்ட ஸ்கிரிப்டுக்கு பேக்கப் என்று பெயர் வைக்காதீர்கள்

கருந்திரை:
நேற்று இங்கே நாலுவரி என்பவர் பேக்கப்புக்கு என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) போட்டு, "இதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவையில்லை, கிரானில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்" என்று எழுதியிருந்தார். கிரான் என்பது குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதில் நடப்பது ஒரே வேலை. தினமும் இரவு 2 மணிக்கு /டேட்டா/ ஃபோல்டரை, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளைக்கு -ஏ --டெலீட் (மூலத்தில் இல்லாததை நகலிலும் அழி) கொடுத்து, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகத் தொலைவில் இருக்கும் சர்வருக்கு அனுப்புகிறது. அந்த /டேட்டா ஒரு தனி டிஸ்க். ரீபூட்டுக்கு அப்புறம் அது மவுண்ட் ஆகவில்லை (அந்த ஃபோல்டரோடு இணையவில்லை) என்றால் அந்த இடத்தில் இருப்பது காலி ஃபோல்டர். ஆர்சிங்க் அதைப் பார்த்து, "மூலத்தில் எதுவும் இல்லை, அங்கேயும் இருக்கக்கூடாது" என்று தொலை சர்வரில் இருப்பதை எல்லாம் துடைத்துவிடும். எக்ஸிட் கோடு 0, அதாவது எல்லாம் சரி. மெயிலும் வராது, சத்தமும் வராது. எனக்கே இது நடந்திருக்கிறது, மூன்று வருடப் படங்கள் போய்விட்டன, அதனால்தான் கத்துகிறேன்.

நாலுவரி:
ஆறு வருடமாக அதே ஸ்கிரிப்ட் ஓடுகிறது, ஒரு ஃபைல் தொலைந்ததில்லை. மூலத்தைப் படிப்பதில் ஐ/ஓ பிழை (டிஸ்கிலிருந்து படிக்க முடியாமல் போவது) வந்தால் ஆர்சிங்க் தானாகவே அழிப்பதை நிறுத்திவிடும், மேனுவலில் தெளிவாக இருக்கிறது. படிக்காமல் பயமுறுத்தாதீர்கள்.

கருந்திரை:
படித்தேன், நீங்கள்தான் பாதியில் விட்டுவிட்டீர்கள். காலி ஃபோல்டரைப் படிப்பது ஐ/ஓ பிழை இல்லை! படிக்க முடிந்தது, உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் பாதுகாப்பு இந்த இடத்தில் வேலையே செய்யாது. ஆறு வருடம் டிஸ்க் ஒழுங்காக மவுண்ட் ஆனது, அதில் உங்கள் ஸ்கிரிப்டுக்கு என்ன பெருமை?

பூட்டுச்சாவி:
இதற்கு இவ்வளவு சண்டையா? --மேக்ஸ்-டெலீட்=100 என்று சேர்த்தால் போதும். வரம்பு தாண்டினால் எக்ஸிட் கோடு 25 வரும், அதைப் பார்த்து மெயில் அனுப்பச் சொல்லுங்கள்.

கருந்திரை:
அது நூறு ஃபைலை அழித்துவிட்டுத்தான் மிச்சத்தை விடும். எந்த நூறு என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மறுநாள் இரவு இன்னொரு நூறு, அதற்கு மறுநாள் இன்னொரு நூறு. யாரும் மெயிலைப் பார்க்காவிட்டால் மெதுவாகச் சாகும், அவ்வளவுதான் வித்தியாசம். --டெலீட் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் முதல் வரியில் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று மவுண்ட்பாயிண்ட் -க்யூ கட்டளை கொண்டு சோதித்து, இல்லையென்றால் எக்ஸிட் 1 போடுங்கள். ஆனால் நான் கேட்பது, --டெலீட் எதற்கு?

மெய்நகல்:
ஒரு நிமிடம். நீங்கள் இருவரும் பேசுவது பேக்கப்பா, மிரரா? இரண்டும் வேறு. மிரர் என்றால் இப்போது இருப்பதன் அச்சு, பேக்கப் என்றால் பழையதையும் மீட்க முடிவது. அதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் நல்லது.

நாலுவரி:
எதற்கா? --டெலீட் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டிவிட்டு ரீஸ்டோர் செய்து பாருங்கள், அப்போது தெரியும். பெயர் மாற்றிய ஒவ்வொரு ஃபைலும் இரண்டு மூன்று இடத்தில் வந்து உட்காரும், வேண்டாம் என்று என்றோ தூக்கிப் போட்டதெல்லாம் திரும்ப வரும், எது நிஜம் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும். ஒரு நாள் தொலை சர்வரில் டிஸ்க் நிரம்பி எழுதுவதே நின்றுபோகும். அதுவும் இழப்புதான்.

கருந்திரை:
குப்பையிலிருந்து பொறுக்கி எடுக்கலாம், இல்லாததை எங்கிருந்து எடுப்பது? --டெலீட் வேண்டாம்.

தாள்வட்டு:
கருந்திரை, உங்கள் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. --டெலீட்டை எடுத்துவிட்டாலும் அதே பெயரில் கெட்டுப்போன ஃபைல் இருந்தால் ஆர்சிங்க் நல்ல நகலின் மேலேயே எழுதிவிடும். ரான்சம்வேர் (பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் நிரல்) பூட்டிய ஃபைலும் அப்படியே அங்கே போய்ச் சேரும். அதனால் --லிங்க்-டெஸ்ட் போட்டு தேதிவாரியாக ஃபோல்டர் வையுங்கள். மாறாத ஃபைல் ஹார்ட்லிங்காக, அதாவது டிஸ்கில் இருக்கும் அதே ஃபைலுக்கு இன்னொரு பெயராக இருக்கும், இடம் பெரிதாகக் கூடாது, ஒவ்வொரு நாளும் ஒரு முழு நகல் போலத் தெரியும்.

பூட்டுச்சாவி:
ஹார்ட்லிங்க் என்றால் எல்லாத் தேதிக்கும் ஒரே ஃபைல்தான். அங்கே போய் ஒருவர் திறந்து திருத்தினால் எல்லா நாளும் கெட்டது.

தாள்வட்டு:
ஆர்சிங்க் தற்காலிக ஃபைலில் எழுதி அப்புறம் பெயர் மாற்றுகிறது, அதனால் பழையதைத் தொடாது. பழைய ஃபைலின் மேலேயே எழுதச் சொல்லும் --இன்ப்ளேஸ் கொடுத்தால்தான் சிக்கல். பேக்கப் சர்வரில் போய் யார் ஃபைலைத் திறந்து திருத்துகிறார்கள்?

பூட்டுச்சாவி:
திருத்துகிறார்கள், பார்த்திருக்கிறேன்.

நள்ளிரவு:
இந்த 2026லும் ஷெல் ஸ்கிரிப்டா? பேக்கப்புக்கென்றே போர்க் இருக்கிறது, ரெஸ்டிக் இருக்கிறது. என்க்ரிப்ஷன், டூப்ளிகேட் நீக்கம், பழைய பதிப்புகள் எல்லாம் அவற்றிலேயே வருகிறது. 1996ல் வந்த ஆர்சிங்கைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.

நாலுவரி:
வந்துவிட்டார். போன மாதம் கிரான் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் நினைவிருக்கிறதா? தேதியோடு ஃபைல் பெயர் வைக்க, சதவீதக் குறிகளோடு எழுதும் டேட் கட்டளையை அப்படியே கிரான்டேபில் (கிரானின் வேலைப் பட்டியலில்) எழுதச் சொன்னீர்கள். அங்கே சதவீதக் குறி வந்தால் கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும், அதற்கு முன்னால் பின்சாய்கோடு போடவேண்டும். அந்த மனிதருக்கு இரண்டு வாரம் பேக்கப்பே ஓடவில்லை. முதலில் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள்.

நள்ளிரவு:
ஸ்கிரிப்டுக்குள் எழுதத்தான் சொன்னேன், அவர் கிரான்டேபில் ஒட்டினால் நான் என்ன செய்ய? நீங்கள் மட்டும் தார் கட்டளை கட்டித்தரும் ஃபைல்களை நேராக எஸ்எஸ்எச்சுக்குப் பைப் செய்யும் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும்) ஸ்கிரிப்டில், இடையில் எது தோற்றாலும் பிழை காட்டும் பைப்ஃபெயில் போடாமல் விட்டீர்களே. தார் பாதியில் செத்தாலும் கடைசிக் கட்டளை சரி என்றால் எல்லாம் சரி என்று சொல்லும்.

நாலுவரி:
அது வேறு ஸ்கிரிப்ட். பேச்சை மாற்றாதீர்கள்.

கருந்திரை:
இருவருமே பேச்சை மாற்றிவிட்டீர்கள். ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்பதும் பேக்கப் இருக்கிறது என்பதும் ஒன்றில்லை. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார்கள், சுமார் 300 ஜிபி. டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜிடம்ப் பதிப்பு 9.2, டேட்டாபேஸ் 9.6, இரண்டும் பொருந்தவில்லை, அதனால் தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அப்போதைய நிலையின் நகல்) இருந்ததால் தப்பினார்கள். அவ்வளவு பெரிய குழுவுக்கே அந்த நிலை. நீங்கள் --டெலீட்டையும் போட்டுவிட்டு எக்ஸிட் கோடைக்கூடப் பார்க்காமல் தூங்கச் சொல்கிறீர்கள்.

நாலுவரி:
அங்கே ஆர்சிங்கும் இல்லை, --டெலீட்டும் இல்லை. ஆள் செய்த தவறு. உங்கள் வாதத்துக்கு ஒட்டவே ஒட்டாத கதை.

மெய்நகல்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புதுவரவு:
ஐயா, ஒரு சந்தேகம். ஸ்கிரிப்டில் /டேட்டா/ என்று கடைசியில் சாய்கோடு இருக்கிறதே, அது வேண்டுமா?

பூட்டுச்சாவி:
இருந்தால் உள்ளே இருப்பது மட்டும் போகும். இல்லாவிட்டால் டேட்டா என்ற ஃபோல்டரே அங்கே போய் உட்காரும். முதல் தடவை -என் கொடுத்து வெறும் ஒத்திகை பாருங்கள்.

தாள்வட்டு:
சாய்கோடு இல்லாமல் ஓட்டிவிட்டு அப்புறம் சாய்கோட்டைச் சேர்த்து --டெலீட்டோடு ஓட்டினால் பழைய நகல் முழுக்க அழிந்து எல்லாம் புதிதாக ஏறும், கவனம் தம்பி.

கருந்திரை:
பார்த்தீர்களா, ஒரு சாய்கோட்டுக்கே இந்தக் கதி! புதுவரவு, சாய்கோடு அப்புறம், முதலில் --டெலீட்டை எடுங்கள்.

நாலுவரி:
எடுக்காதீர்கள். ஸ்கிரிப்ட் என்னுடையது, கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள்.

கருந்திரை:
காலி ஃபோல்டர் வந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? நான்காவது தடவையாகக் கேட்கிறேன்.

நாலுவரி:
என் டிஸ்க் மவுண்ட் ஆகும்.